அவுட் ஆன சந்தோஷம்

டேப்லெட்டில் சார்ஜ் ஏறவில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் விழுந்த பெரிய இடி அதுதான்.

இடி விழுந்தது என் மகள் யாழினி தலையில். எட்டு வயது. ரிப்பேர் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆவும் மேடம்" என்று சாதாரணமாகச் சொன்னார். ஒரு வாரம்! அவருக்கென்ன...

"அம்மா, போர் அடிக்குது."

படம் வரையச் சொன்னேன். வரைந்தாயிற்று. கதைப் புத்தகம்? படித்தாயிற்று. ஃப்ரிட்ஜைத் திறந்து மூடுவது மட்டும் பதினைந்து தடவை நடந்தது.

என் கணவருக்கு எண்ணூர்த் துறைமுகப் பக்கம் வேலை மாறியதால், அதற்குப் பதினோரு மாதத்துக்கு முன் விம்கோ நகர் பக்கம் குடிவந்தோம். முதல் மாடி. எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. கன்டெய்னர் லாரி நுழைய முடியாது, பைக்கே எப்போதாவதுதான் வரும். தினமும் ஐந்தரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே கூடிவிடுவார்கள். அப்போதெல்லாம் நான் என்ன செய்வேன் தெரியுமா? சத்தம் தாங்காமல் பால்கனிக் கதவைச் சாத்துவேன்.

இரண்டாம் நாள், அதே கதவைத் திறந்து, "கீழே போய் விளையாடேன்" என்றேன். "யார்கூட?" என்றாள். நியாயமான கேள்வி. பதினோரு மாதத்தில் அவளுக்கும் யாரையும் தெரியாது, எனக்கும் யாரையும் தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன்.

அவர்கள் ஆடுவது கல்லா மண்ணா. வாசற்படி, மேடை எல்லாம் கல். தெரு மண். மண்ணில் நிற்பவரைத் தொட்டால் அவுட். அவுட் ஆனவர்தான் அடுத்துத் துரத்த வேண்டும்.

பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் நடுத்தெருவில் ஹாயாக நிற்கிறாள். துரத்துகிறவர்கள் அவள் தோளை உரசிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருவரும் "அவுட்" என்று கத்தவில்லை. அவளோ சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"அம்மா, நான் ஒரு தடவைகூட அவுட் ஆகல! நான் ஒப்புக்குச் சப்பாணியாம். அப்படின்னா என்னம்மா?"

நம் தலைமுறைக்குத் தெரியும். ஆட்டத்தில் இருப்பார்கள், ஆனால் கணக்கில் கிடையாது. இன்று யோசித்தால் அந்த வார்த்தையே உறுத்துகிறது. அன்று எனக்கு அதைவிட அவள் முகம்தான் முக்கியமாகப்பட்டது.

"அதுவா... ஸ்பெஷல் பிளேயர்" என்றேன்.

அம்மாக்கள் சொல்லும் பொய்க்கு ஆயுள் எவ்வளவு? சரியாக ஒரு நாள். மறுநாள் கண் சிவந்து மேலே வந்தாள். பிள்ளைகளில் யாரோ உண்மையான அர்த்தத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"நீ ஏம்மா பொய் சொன்ன?"

பொய்யில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வார்கள்? கோபப்படுவார்கள். நேராகக் கீழே போனேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஜெனி. பன்னிரண்டு வயது, கீழ்வீட்டில் இருக்கும் கலா அக்காவின் மகள். சண்டை போடத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு மாறி, கைப்பையிலிருந்த பெரிய சாக்லேட்டை நீட்டி, "யாழினியையும் நல்லா சேத்துக்கோடா" என்றேன். லஞ்சம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஜெனி அதைப் பிரித்து, எல்லோருக்கும் பங்கு போட்டு, தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "அதுக்கு ஓடவே வர்ல ஆன்ட்டி. அவுட் குட்த்தா அயுவும். அதான் சும்மா சேத்துகினோம்."

"அதான் சாக்லேட் கொடுத்தேனே..."

"சாக்லேட் வேற, ஆட்டம் வேற ஆன்ட்டி."

வாசலில் பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த கலா அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீ இன்னாத்துக்குமா இதுல பூர்ற? பசங்க ஆட்டம், பசங்களே பாத்துக்கும். நீ வந்து பேசிகினு இருந்தா, நாளிக்கி அத்த ஆட்டத்துக்கே கூப்ட மாட்டாங்க."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. படியேறினேன்.

இரண்டு நாள் யாழினி கீழே போகவில்லை. மூன்றாம் நாள் டேப்லெட் ரிப்பேர் ஆகி வந்துவிட்டது. அவ்வளவுதான், இனி தெருப்பக்கமே போக மாட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தாள். கண் திரையில் இல்லை, தெருவில் இருந்தது. யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், எந்தப் படியில் ஏறித் தப்பிக்கிறார்கள் என்று பாடம்போலப் பார்த்தாள். பிறகு மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தனியாக ஓட ஆரம்பித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதாதா?

அடுத்த நாள் ஐந்தரைக்கு, என்னிடம் சொல்லாமல் படியிறங்கினாள். நான் பால்கனித் துணிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆமாம், ஒட்டுக்கேட்கத்தான்!

"ஜெனி அக்கா, எனக்கும் அவுட் குடுங்க. நான் அழ மாட்டேன்."

ஜெனி இடுப்பில் கை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வியுந்தாலும் அயுவக்கூடாது."

"மாட்டேன்."

"நீ அவுட்டுனு சொன்னா, இல்லன்னு பேஜார் பண்ணக்கூடாது."

"மாட்டேன்."

"சரி, வா."

என் மகள் ஆட்டத்தில் தாக்குப்பிடித்தது அரை நிமிடம். படி ஏறுவதற்குள் ஒருவன் முதுகில் தட்டினான். "அவுட்டேய்!" மொத்தத் தெருவும் கத்தியது. யாழினி ஒரு கணம் திகைத்து நின்றாள். அப்புறம் துரத்த ஆரம்பித்தாள். பத்து நிமிடம் ஓடியும் ஒருவரையும் தொட முடியவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நடுவில் ஒரு தடவை குப்புற விழுந்தாள். நான் படிவரை ஓடிப்போய் நின்றுவிட்டேன். அவள் எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடி, ஒருவழியாக ஒருவனைத் தொட்டாள்.

இருட்டும் நேரத்துக்கு மேலே வந்தாள். மூச்சு இரைக்கிறது, முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் புழுதி.

"அம்மா! இன்னிக்கு நான் நாலு தடவை அவுட்டு!"

மெடல் வாங்கினாற்போல் சொன்னாள்.

ஓடியாடினால் எலும்புக்கு நல்லது, வெயில் படுவது நல்லது, கண்ணுக்கு நல்லது... டாக்டர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாம் சரி. இப்போதெல்லாம் மூன்றாவது தோசை கேட்கிறாள், ஒன்பது மணிக்குத் தானாகத் தூங்கிவிடுகிறாள். ஆனால், நான் கண்டுபிடித்தது வேறு. வீட்டில் கேரம் ஆடினால் அவளை ஜெயிக்க விடுவோம். சீட்டு ஆடினால் நல்ல சீட்டாகப் பார்த்துக் கொடுப்போம். டேப்லெட் கேமிலோ, செத்தால் இன்னும் மூன்று உயிர். யோசித்துப் பார்த்தால், எட்டு வருடமாக அவளை ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது யார்? ஜெனியா, நாங்களா?

அவளை முதன்முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டது அந்தத் தெருதான்.

இதில் நான் எதிர்பார்க்காத லாபமும் ஒன்று உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போயிருந்தேன். கடைக்கார அம்மா, முன்பின் பார்த்திராதவர், என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ யாயினி அம்மா தானே? எங்கூட்டுப் பொண்ணு அவகூடதான் ஆடுது. இந்தா, இது ஃபிரெஷ்ஷா கீது, இத்த எட்துக்கோ."

பதினோரு மாதமாக வெறும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர் மேடம்' நான். 'யாழினி' என்று தேடித் தேடி வைத்த பெயரின் ழகரத்தை நான் திருத்தவில்லை. யாயினி அம்மா... நன்றாகத்தானே இருக்கிறது!