தோட்டுத் திருகாணி

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு முதுகுவலி விடவில்லை. மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த என் கணவர், ஆசனப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். அவர் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு முதல் பக்கத்தைப் பிரித்தேன். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். என் கை முழங்காலைத் தாண்டவே இல்லை. மூச்சைப் பிடித்து இன்னும் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, வாரந்தோறும் எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு தரும் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, என்னத்தத் தேடறீங்க?"

படித்தவள், குனிய வராமல் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "தோட்டுத் திருகாணி விழுந்திருச்சு" என்றேன்.

"பொன்னு தொலைஞ்சா கைப்புள்ளைக்கு ஆகாதுங்களே."

கூடையை இறக்கிவிட்டு, முழங்கால் மடங்காமல் இரண்டாக வளைந்து உள்ளங்கையால் தரையைத் துழாவினாள். கேழ்வரகுக் காட்டில் நாளெல்லாம் களையெடுக்கிற உடம்பு. அடுப்படி, பானைச் சந்து, தூளிக்கடி என்று ஓரிடம் விடவில்லை. குழந்தையைச் சொன்ன பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சுவரைப் பிடித்து நிமிர்ந்து, அவள் பார்க்காதபோது காதிலிருந்த திருகாணியைக் கழற்றிப் பாயோரம் போட்டேன்.

அவளே கண்டெடுத்தாள். முந்தானையில் துடைத்து, தூங்கும் குழந்தையின் தலையை மூன்று முறை சுற்றி, என் கையில் வைத்தாள்.

"இனிப் பயமில்லீங்க, கண்ணு."

அதைக் காதில் திருகி முடிக்கும்வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.