மொட்டைமாடி முற்றுகை

என் மாமாவைப் பிரான்சுக்குத் துரத்தியடித்தது நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். போர்த்தந்திரம் படித்தவன் நான்.

மாமா, அம்மாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். லீவில் வந்தவர், சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு மாடி அறையில் இறங்கினார். அது என் அறை. காற்றாடி, நூல்கண்டு, நான் எல்லோரும் கீழே கூடத்துக்கு இடம்பெயர்ந்தோம். அப்போது நான் படித்துக்கொண்டிருந்த மாயாஜாலக் கதையில் ஓர் அரக்கன் மலைக்கோட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறான். குள்ள மந்திரி இளவரசனிடம் சொல்கிறார்: தண்ணீரை நிறுத்து, மூன்று பக்கம் வளைத்துக்கொள், ஒரு வாசலை மட்டும் திறந்து வை. தப்பிக்க வழி தெரிந்தவன் சண்டை போடமாட்டான்.

மாடிப்படிக் கதவை விரியத் திறந்து வைத்தேன். மாமாவின் பூட்ஸைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த வால்வை மூடினேன். துருப்பிடித்த கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

கீழே குளியலறையிலிருந்து அப்பாவின் குரல்: "யார்ரா தண்ணிய நிறுத்தனது? கண்ணுல சோப்புடா!"

அது வீட்டுக்குப் போகும் குழாய். மாடி அறைக்குக் குழாயே கிடையாது என்பதை, வருஷக்கணக்காக அங்கேயே படுத்துப் புரண்ட நான் கவனித்ததில்லை.

கைப்பிடியை டிராயர் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, மந்திரி இதற்கு என்ன வழி சொல்கிறார் என்று புத்தகத்தைப் புரட்டினேன். புரட்டிய அவசரத்தில் இரண்டு பக்கம் கிழிந்தது. மந்திரியின் கதையில் வால்வே கிடையாது.

மாமா மாடி அறையில் தான் ரொப்பி வைத்திருந்த தண்ணீர் டிரம்மிலிருந்து இரண்டு வாளி மொண்டு அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி ஏறும்போது புத்தகத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், புடைத்திருந்த என் பாக்கெட்டையும் பார்த்தார்.

"டிரம்ம ரொப்பி வெக்காத சொல்தாவ எங்கனா பாத்துருக்கியா, மாப்ள? கோட்டையில இருக்கறவன் ஜம்முனு குளிக்கிறான். வளைச்சவன் வூட்ல ஒரு சொட்டு இல்ல."

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மாமா."

"கைப்பிடிய குடு மொதல்ல."

வால்வைத் திறந்துவிட்டு, "ஒண்ணுமில்ல மச்சான், துரு புடிச்சிப் போச்சு!" என்று கீழே குரல் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை மாமா நான் திறந்து வைத்த அதே வாசல் வழியாக, நான் திருப்பி வைத்த அதே பூட்ஸை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு இறங்கிப் போனார். நான் காற்றாடியோடு மாடிக்கு ஓடி, "ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். அம்மா ஏன் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவளே அழுதாள் என்று விளங்கவில்லை. அறையில் டிரம் விளிம்புவரை ரொப்பி வைத்திருந்தது. அதைச் சரணாகதி என்றே எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு லீவு முடிந்திருந்தது. திரும்பிப் போகும் டிக்கெட், அவர் வந்த நாளிலிருந்தே அம்மாவின் பீரோவில் இருந்தது.