பாப்பா பேசிய பரிசல்

பரிசல் போடுகிறவர்களுக்கு ஆற்றால் வரும் தொல்லை கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஏறி உட்காருகிறவர்களால் வருவது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்களும் ஆஸ்பத்திரியில் வரிசை நிறுத்துகிறவர்களும் இதைப் படித்தால் "ஆமாம்" என்று தலையாட்டுவார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே காவேரியில் எங்கள் துறை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லாதவர்கள் எங்கள் பரிசலில்தான் அக்கரை போவார்கள். என் வீட்டுக்காரர் துறைக் கல்லில் வழுக்கி விழுந்ததில் அவர் தோள்பட்டை இறங்கிப்போனது. கட்டுப் போட்டு உட்கார்த்திவிட்டார்கள். துடுப்பு என் கைக்கு வந்தது. அக்கரைப் பஞ்சாயத்துத் தலைவர், "ஒரு மாசம் பார்ப்போம். பொம்பளை போடுற பரிசல்ல ஏற ஜனங்க பயந்தாங்கன்னா துறையை வேற ஆளுக்கு விட்டுடுவேன்" என்று சொல்லியனுப்பினார். துறை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. நான் பரிசல்காரர் வீட்டில் பிறந்தவள். துடுப்புப் பிடிக்கத் தெரியும். ஆம்பிளைகள் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் தெரியாது.

மூன்று சுற்று

பரிசல் என்பது பெரிய வட்டக் கூடை. இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றித் துடுப்பை இழுத்தால்தான் நேரே போகும். முதல் நாள் ஏழு பேர் ஏறினார்கள், அதில் ஆறு பேர் ஆம்பிளைகள். காற்றில் முந்தானை நழுவிக்கொண்டே இருந்தது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இடது கையால் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் துடுப்பை இழுத்தேன். பரிசல் ஒரு அடி கூட முன்னால் போகாமல், நின்ற இடத்திலேயே ராட்டினம் மாதிரிச் சுற்றியது.

யாரும் திட்டவில்லை. கோயில் கைங்கரியம் செய்கிற ஐயங்கார் ஒருவர் கண்ணை மூடிக் கைகூப்பியபடியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சுற்று முடிந்ததும் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "அம்மா, இன்னிக்குப் பெருமாளைப் பிரதட்சிணம் பண்ணலையேன்னு குறையா இருந்தது. மூணும் ஆயிடுத்து. இனிமே அக்கரைப் பக்கமும் கொஞ்சம் மனசு வையுங்கோ!"

அன்று இடுப்பில் செருகிய முந்தானையை நான் அப்புறம் ஆற்றில் எடுத்ததே இல்லை.

பாய் மாமா

பரிசலில் எடை சமமாக இருக்க வேண்டும். கனத்த ஆள் இருவர் ஒரே பக்கம் உட்கார்ந்தால் சாய்ந்துவிடும். என் வீட்டுக்காரராக இருந்தால், "அண்ணே, அந்தப் பக்கம் போங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். எனக்கு வாயே வராது.

டவுனிலிருந்து கைலி மூட்டையோடு வரும் பாய் ஒருவர் நல்ல கனம். மூட்டை அவரைவிடக் கனம். ஒருநாள் மனிதரும் மூட்டையும் ஒரே பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். என்ன செய்வது? பத்து மாதக் கைக்குழந்தையை நான் பரிசலில் கூடவே வைத்துக்கொள்வது வழக்கம். அவள் முகத்தைப் பார்த்து, "பாப்பா, பாய் மாமாவைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமா உக்காரச் சொல்லு" என்றேன். அவர் சட்டென்று எழுந்து எதிரே போய் உட்கார்ந்தார். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "மாஷா அல்லாஹ்! பத்து மாசத்துல எடை போடத் தெரிஞ்ச புள்ளையை இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

அன்று முதல் எனக்கு வழி கிடைத்தது. நான் பாப்பாவிடம் சொல்வேன், ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள்.

மாமியின் பலகை

பரிசலுக்கு அடியில் தோல் போர்த்தியிருக்கும். அதனால் மடி ஆசாரம் பார்க்கிற மாமி ஒருவர் சொந்தமாக ஒரு மணைப்பலகை கொண்டு வந்து, அதன்மேல்தான் உட்காருவார். யாரும் மேலே படக்கூடாது. ஒருநாள் நடு ஆற்றில் பாப்பா தவழ்ந்து போய் அந்த மடிப்புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். என் கையில் துடுப்பு. விடவும் முடியாது, கூப்பிடவும் வாய் வரவில்லை. பரிசலே மூச்சுவிடாமல் பார்த்தது.

மாமி பாப்பாவை வாரி எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டார். "என்னை ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறேள்? சுத்தி இத்தனை காவேரி ஓடறது, இறங்கினா ஒரு முழுக்குப் போட்டுக்கறேன்!"

தூண்டில்காரர்

எங்கள் கரையில் தண்ணீருக்கு இறங்க ஒரே ஒரு கல்தான். இரண்டு பக்கமும் நாணல் புதர். திருவெறும்பூர்ப் பக்கம் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அந்தக் கல்லில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவார். பரிசலை எங்கே ஒட்டுவது? "பாப்பா, தூண்டில் மாமாவைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்றேன்.

அவர் நகர்ந்து கொடுத்தார். அடுத்த வாரம் வரும்போதே அரிவாளோடு வந்து, பத்தடி தள்ளி நாணலை வெட்டித் தனக்கென்று ஒரு வழி செய்துகொண்டார். அன்று அவர் சொன்னது: "பாப்பா, அப்படியே மீன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லேன். காலையிலேர்ந்து ஒண்ணு கூட என் பேச்சைக் கேக்கலை!"

தலைவரின் துண்டு

மாசம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை. ஆடிப் புதுத்தண்ணீர் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தாமே பார்க்கவேண்டும் என்று அக்கரையிலிருந்து என் பரிசலில் ஏறினார். பாயும் இருந்தார், மாமியும் பலகையோடு இருந்தார்.

நடு ஆற்றில் ஒரு காற்று. தலைவரின் ஜரிகைத் துண்டு பறந்து தண்ணீரில் விழுந்தது. அவர் அதைப் பிடிக்க எழுந்து நின்றுவிட்டார். பரிசல் சாய்ந்தது. விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பாப்பா பாயின் மடியில். அவளிடம் சொல்லி, அதைத் தலைவர் கேட்டு... அதற்கெல்லாம் நேரம் எங்கே?

"உக்காரு! ஆடாதே!"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவரை ஊரில் யாரும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. வாத்தியார் அதட்டிய பையன் மாதிரி பொத்தென்று உட்கார்ந்தார். "பாய், இந்தப் பக்கம் சாயுங்க! மாமி, பலகையால தண்ணியை இறைங்க!" என்று கத்தினேன். மாமி மறுபேச்சில்லாமல் இறைத்தார். இறங்கும் கல் முழுகிவிட்டிருந்தது. தூண்டில்காரர் வெட்டிய நாணல் வழிதான் கண்ணில் பட்டது, அங்கே இழுத்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பரிசலைப் பிடித்துக் கரை சேர்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் யாரை அதட்டினேன் என்பது எனக்கு உறைத்தது. துறை போய்விட்டது என்றே நினைத்தேன். பாப்பாவை வாங்கி அணைத்துக்கொண்டு, தலை நிமிராமல், "பாப்பா, தலைவர் ஐயா மன்னிச்சுக்கணும்னு சொல்லு" என்றேன்.

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே பாப்பாவின் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, உங்கப்பா கை சரியானாலும் உங்கம்மா துடுப்பைக் கீழே வைக்க வேண்டாம், துறை உங்களுக்குத்தான்னு சொல்லு. ஆத்துக்கு நடுவுல நான் எழுந்து நின்னதை மட்டும் எங்க வீட்டுல சொல்ல வேண்டாம்னு சொல்லு!"

பாய் மடியிலும் மாமி மடியிலும் வளர்ந்த அந்தப் பாப்பாவுக்கு இப்போது மூன்று வயசு. நான் சொல்லாததையும் சேர்த்து எல்லோரிடமும் சொல்லிவிடுவதால், இனிமேல் நானே பேசிக்கொள்வதுதான் துறைக்கு நல்லது என்று முடிவு செய்திருக்கிறேன்.