பிரிக்காத பீடிக்கட்டு

திருச்சுழி ரோட்டுல நம்ம பெட்டிக்கடைக்குத் தெனமும் காலையில பாண்டியம்மா மைனி வந்து, புருசனுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டுப் போவாக.

அண்ணன் குடியை விட்டு எட்டு மாசம் ஆச்சு. பீடிக்குன்னு அவரைத் தனியா அனுப்புனா, கால் ஒயின்ஷாப்புக்குத் திரும்பிரும்னு மைனிக்குப் பயம்.

இன்னைக்கு அண்ணனே வந்தாரு. மஞ்சப்பையில இருந்து பதினோரு கட்டு பீடிய எடுத்து வச்சாரு. எல்லாம் மைனி வாங்கிட்டுப் போனது. ஒண்ணுகூடப் பிரிக்கல.

"வீட்டுல ஒளிச்சு வைக்க எடமில்ல தங்கச்சி. பீடியப் பத்த வச்சாலே நாக்கு பிராந்தியத் தேடுது. அதான் இதையும் விட்டுட்டேன்."

"மைனிகிட்ட சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"பீடியும் இல்லைன்னா மறுபடி குடிச்சிருவேன்னு பயந்து தூங்க மாட்டா. இந்த எட்டு மாசமாத்தான் தூங்குறா."

அவரு போய் அரை மணி நேரத்துல மைனி வந்தாக. கட்டை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டே கேட்டாக:

"இது இருக்குற வரைக்கும் அவுக அந்தப் பக்கம் போக மாட்டாகல்ல?"

"போக மாட்டாக மைனி"ன்னேன்.

நான் கொடுத்தது, அண்ணன் திருப்பித் தந்ததுல ஒரு கட்டு.

இன்னும் பத்து இருக்கு. அது தீர்றதுக்குள்ள, நான் செய்யுறது சரியா தப்பான்னு யாராச்சும் சொல்லுங்கப்பா.