முனிக்கு வைத்த பலவீனம்

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வம்சிக்கு பேலன்சிங் வேலை. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தில் எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறதோ, அங்கே துளி இரும்பைச் சுரண்டிச் சமன் செய்ய வேண்டும். பதினோரு வருடமாக அதையே செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருப்பானா? கூட்டாளிகள் மூன்று பேரைச் சேர்த்து, பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ஆட்டம் ஒன்றை நடத்தினான். ஆளுக்கொரு பாத்திரம். பேயோ முனியோ, எவ்வளவு சக்தி கொடுத்தாலும் ஈடாக ஒரு பலவீனம் வைத்தே தீருவான். அதில் கறார் பேர்வழி.

மூவரில் ஒருத்தியான மோகனப்பிரியாவுக்கு ஒரு முனி. ஊதினால் மரம் சாயும். ஆனால் வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று கூப்பிடாமல் படி தாண்ட முடியாது என்று வைத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நம் பக்கம் சண்டைக்கு வந்தவனையே ‘வாங்க, உக்காருங்க’ என்றுதானே சொல்வார்கள், இதுவும் ஒரு பலவீனமா என்றாள். அப்படியே ஆயிற்று. ஆறு வாரத்தில் முனி நுழையாத வீடில்லை. மற்ற இருவரும் முணுமுணுத்தார்கள்.

வம்சி மண்டையைக் குடைந்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தான். எழவு வீடு. அங்கே வந்தவரை ‘வாங்க’ என்பதில்லை, போகிறவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. கதையில் முனியின் தங்கையை அப்படியொரு வீட்டுக்குள் சாகக் கிடத்தி, முனியை வாசலில் நிறுத்திவிட்டான்.

மோகனப்பிரியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தர்கூடவா சொல்ல மாட்டார்கள், ஒரு தடவை பகடை உருட்ட விடு என்று கெஞ்சினாள். “எங்கப்பா, எழவு ஊடா இருந்தாலும் வாங்கன்னுதான் சொல்லுவாரு,” என்றாள்.

“எந்த ஊர்லயும் சொல்ல மாட்டாங்க அம்மணி. விதின்னா விதிதான்.”

தங்கை செத்தாள். மோகனப்பிரியா பகடைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். எப்போதும் ‘போயிட்டு வாரேன்’ என்கிறவள், அன்றைக்கு ‘போறேன்’ என்று மட்டும் சொன்னாள்.

தப்பு தன்மேல்தான் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். ஒரு போன் போட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. மூன்று ஞாயிறு போயிற்று. நாலாவது வாரம், எழவு வீட்டில் முனி பகடை உருட்டிப் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தான். சாயங்காலம் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம் என்று நினைப்பு. மத்தியானமே சேதி வந்துவிட்டது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மோகனப்பிரியா காலையில் போய்விட்டாள். காய்ச்சல் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அந்தத் தாளோடுதான் அவள் வீட்டுக்குப் போனான். ஆட்கள் பேசாமல் உள்ளே போனார்கள், பேசாமல் வெளியே வந்தார்கள். வம்சி உள்ளே போகவில்லை. பந்தலுக்கு வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நாற்காலியில் இருந்த அவள் அப்பா அங்கப்பன் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து கைகூப்பினார்.

“வாங்க தம்பி.”

பக்கத்திலிருந்த பெரியவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார், இந்த வீட்டில் இன்றைக்கு அப்படிச் சொல்லலாமா என்று. அங்கப்பனுக்கு அது காதில் ஏறவில்லை.

“ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க.”

வம்சி படியேறினான். மோகனப்பிரியா சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்ள அவன் நாலு வாரம் பிந்தி வந்திருந்தான்.