துருவம் போய்வந்த தேசிக்காய்

எங்கள் சமையலறை யன்னலில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், இருக்கிறது. கறுத்துச் சுருங்கிவிட்டது, தட்டினால் கல்லைப் போலச் சத்தம் வரும். பார்க்கிறவர்கள் எறியச் சொல்வார்கள். எறிவேனா? தென்துருவம் வரை போய்வந்த தேசிக்காய் இந்தச் சுவிஸ் ஓல்டனில் வேறு யார் வீட்டில் இருக்கிறது!

என் தம்பி அப்போது ஊருக்கு வெளியே ஒரு வேலைத்தளத்தில் மெக்கானிக். சாதாரண வண்டிகளை வாங்கி, துருவப் பனியில் ஓடுவதற்கு ஏற்ப மாற்றிக் கட்டும் இடம் அது. நானும் அங்கேதான் கிளீனிங் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். செஃப் என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளி எதிரே வந்தால், தலையைக் குனிந்து துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பேன். ஆனால் அந்த வண்டிகளைக் களவாகப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு ஆசை. டயர் மட்டும் என் நெஞ்சளவு உயரம்! புது வண்டியோடு தம்பியும் துருவம் போகிறான் என்று தெரிந்ததும்தான் அந்த ஆசை பயமாக மாறியது. பனிக்கு அடியில் பெரிய வெடிப்புகள் இருக்குமாம். மேற்பனி உடைந்தால் வண்டி உள்ளே போய்விடும். தூக்கிவிட ஆள் இல்லை.

கப்பலில் ஏற்றுமுன், டயர்களில் காற்றை நன்றாக இறக்கிவிட்டு முற்றத்தில் கடைசி ஓட்டம் வைத்தார்கள். புது வாகனத்துக்கு நாங்கள் செய்கிற வழக்கப்படி, ஒருவருக்கும் தெரியாமல் நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தேன். தம்பி வண்டியை எடுத்தான். நசியும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்து நின்றேன். சத்தமே இல்லை. டயர்கள் ஏறிப் போனபின் நாலும் வைத்தபடியே முழுசாகக் கிடந்தன.

"நிப்பாட்டடா தம்பி!" என்று கத்தினேன். அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில், என் குரல்தான்! "தேசிக்காய் நசியேல்லை. நீ போகப்படாது!"

தம்பி இறங்கிவந்து விழுந்து விழுந்து சிரித்தான். "உது நசியக்கூடாதெண்டுதானே அக்கா இவ்வளவு பாடுபட்டனாங்கள்! தேசிக்காயையே நசிக்காத டயர் பனியை உடைக்குமோ?"

அவன் டொச் மொழியில் விளக்கியதும் செஃபின் முகம் சிவந்துவிட்டது. தேசிக்காயைத் தூக்கிப்பிடித்து எல்லோரையும் கூப்பிட்டார். பிறகு தன் சப்பாத்துக் காலை டயருக்கு முன்னால் நீட்டி, ஓட்டச் சொன்னார். வண்டி ஏறி இறங்கியது. மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார்.

அவர் காலை நம்பி என் தம்பியை விடலாமா? நானும் போய் என் காலை நீட்டினேன்.

"அக்கா, உனக்கென்ன விசரோ?"

"ஓட்டடா. என்ர கால் நசிஞ்சால் நீ போகேல்லை."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கனமான தலையணை ஒன்று ஊர்ந்து போனதுபோல இருந்தது, அவ்வளவுதான். விரல்களை அசைத்துப் பார்த்தேன்; அசைந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். "சரி, போட்டு வா," என்றேன். அந்தத் தேசிக்காய்களில் ஒன்றைத் தம்பி வண்டிக்குள் வைத்துக் கொண்டுபோய், பனியெல்லாம் சுற்றி, திரும்ப என் கையிலேயே தந்தான்.

போன கிழமை மகள் புதுக் கார் எடுத்தாள். கோயில் வாசலில் தேசிக்காய் வைத்தோம். நாலும் பட் பட்டென்று நசிந்தன. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் சப்பென்று போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் தம்பி, இப்போது தலையெல்லாம் நரைத்தவன், யன்னலில் இருந்ததை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அக்கா, பிள்ளையின்ர கார் பனிக்குச் சரிவராது, என்ன?"