மட்டாஞ்சேரி படகில் ஏறி, வலது கண்ணைத் திறந்துகொண்டு வந்த கதை

என் வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருடம் ஆகிறது. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் பேத்தி நித்யா இரண்டு வார லீவில் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விமானம். அதற்குள் அவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். எர்ணாகுளத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் புதன்கிழமை ஆபரேஷன் என்றார்கள். விடுவேனா!

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வீட்டிலிருந்து படகு ஜெட்டிக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். அங்கிருந்து காயலையே தாண்டும் படகுக்கு ஆளுக்கு ஆறே ரூபாய், இருபது நிமிடம். ஜன்னலோரமாக உட்காருங்கள், காற்று அள்ளிக்கொண்டு போகும்.

"எங்க ஊர்ல ஆபரேஷனுக்குக் காசே வேண்டாம் பாட்டி. ஆனா முறை வர மாசக்கணக்காகும்," என்றாள் நித்யா.

"அமெரிக்காவில?"

"அங்க இருக்கிற மாமா முதல்ல இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் போடுவார். அப்புறம்தான் டாக்டருக்கு."

டிக்கெட் கொடுத்த சேட்டன் காதில் இது விழுந்தது. "நம்ம நாட்டில வெளுப்பிலே எழும்பினாப் போதும் அம்மே!" என்று சிரித்தார். விடியற்காலையில் எழுந்தால் போதுமாம்.

ஜெட்டியிலிருந்து ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டர், நடந்தே போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். "முடிஞ்சதும் அவங்களே கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்க நித்யா பிராட்வே கடைத்தெருவுக்குப் போனாள். அவள் ஊரில் ஆளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாம். வெளிநாட்டு நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

பத்தேகாலுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். "அம்மைக்குக் கூட்டிருப்பு யாரு?" என்று கேட்டார் நர்ஸ். துணைக்கு இருக்கிற ஆளுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். ஆள் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

"பேத்தி இருக்கா. லண்டன்லயே நர்ஸு!" என்றேன் பெருமையாக.

"லண்டன் இருக்கட்டும். இப்போ எவிடே?"

நித்யாவுக்குப் போன் போட்டால், மணி என் மடியிலிருந்த அவள் பைக்குள் அடிக்கிறது! விட்டால் அடுத்த புதன்தான். அதற்குள் அவள் போய்விடுவாள்.

அப்போது பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள். பெயர் செல்வி. தென்காசிக்காரி, எர்ணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறாள். புருஷனின் கண்ணுக்காக வந்தவள்.

"இந்த அக்காவுக்கும் நான்தான் துணை. எம்பேரை எழுதிக்கிடுங்க."

"ஏட்டி, என் ஒத்தக் கண்ணையே நீ ஒழுங்காப் பாத்துக்கிட மாட்ட!" என்றார் புருஷன், கட்டுப்போட்ட கண்ணோடு.

நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாளை நீட்டினார், செல்வி கையெழுத்துப் போட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்!

இருபது நிமிடத்தில் முடிந்தது. வெளியே நித்யா வியர்த்துப்போய் நிற்கிறாள். செல்வி அவளைச் சும்மா விடவில்லை. "ஒங்க ஊர்ல விட்டுட்டுப் போனா அவுக பாத்துக்கிடுவாக தாயி. இங்க நாமதான பாக்கணும்?"

போகிறவர்கள் ஏழு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். ஆதார், தண்ணீர் பாட்டில், முக்கியமாக இடத்தைவிட்டு நகராத ஓர் ஆள் வேண்டும். எந்த நாடு உசத்தி என்று கேட்காதீர்கள். நித்யாவின் ஊரில் எனக்குத் துணையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் இந்தக் கண் இன்னும் வரிசையில் நின்றிருக்கும்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது நித்யாவின் முகம். நைட் டியூட்டியில் கண்ணுக்கடியில் இத்தனை கறுப்பா! அடுத்து, அவள் கையிலிருந்த, நேற்று நர்ஸ் நீட்டிய தாள். மலையாளத்தில் அச்சடித்த கட்டத்துக்குள் தமிழில் கோணல்மாணலாக இரண்டே வார்த்தை. நான் படித்த அஞ்சாம் வகுப்பு அதற்குத் தாராளமாகப் போதும்.

'செல்வி, தங்கச்சி.'